டுபேஜ் கவுண்டியின் மாவு ஆலைகளும் ரயில் பாதைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டுபேஜ் கவுண்டி எங்கே இருக்கிறது? ஆலையையும் ரயிலையும் ஏன் சேர்த்துப் பார்க்க வேண்டும்?

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில், சிகாகோவுக்கு நேர் மேற்கே இருக்கும் கவுண்டி, அதாவது மாவட்டம். 1839இல் குக் கவுண்டியிலிருந்து பிரிக்கப்பட்டது. நேப்பர்வில், வீட்டன், எல்ம்ஹர்ஸ்ட், லாம்பார்டு, டவுனர்ஸ் குரோவ், வெஸ்ட் சிகாகோ எல்லாம் இதற்குள் அடங்கும். கிழக்குப் பக்கம் சால்ட் கிரீக் ஓடை. நடுவிலும் மேற்கிலும் டுபேஜ் ஆற்றின் இரண்டு கிளைகள்.

1830களில் குடியேறியவர்கள் ஆற்றங்கரையைத் தேடித்தான் வந்தார்கள். வீடு கட்டப் பலகை வேண்டும், பலகை அறுக்க ஆலை வேண்டும், ஆலை ஓடத் தண்ணீர் விழ வேண்டும். 1831இல் வந்த ஜோசப் நேப்பர் டுபேஜ் ஆற்றின் மேற்குக் கிளையில் மர அறுவை ஆலை அமைத்தார்; நேப்பர்வில் அதைச் சுற்றி வளர்ந்தது. 1849இல் ரயில் வந்தபின் கணக்கு மாறிவிட்டது. ஆறே இல்லாத இடத்தில் வீட்டன் எழுந்தது. ஆற்றங்கரை ஆலைகளை ரயில் கொண்டுவந்த மாவு ஒவ்வொன்றாக மூடவைத்தது. ஆலையை மட்டும் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு அது ஏன் நின்றுபோனது என்பது விளங்காது. ரயில் நிலையத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு அது ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்பது விளங்காது.

ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் எது?

ஓக் புரூக்கில் யார்க் சாலையில் உள்ள கிராவே மில். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய பிரெடரிக் கிராவே கட்டியது. 1852இல் ஓடத் தொடங்கியது. அடித்தளச் சுவருக்கு லெமான்ட் ஊர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல், மேல் சுவருக்குக் கிராவே பண்ணையின் களிமண்ணில் அங்கேயே சூளை வைத்துச் சுட்ட செங்கல், தூண்களுக்கும் உத்தரங்களுக்கும் வெள்ளை ஓக் மரம், பற்சக்கரங்களுக்கு ஹிக்கரி மரம். கோதுமை, மக்காச்சோளம், ஓட்ஸ், பக்வீட் என்ற தானியம் ஆகிய நான்கும் இங்கே அரைபட்டன. 1975இல் வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்ந்தது.

உள்ளே போனதும் மேல்தளத்துக்கு ஓடாதீர்கள். முதலில் அடித்தளத்தில் நின்று பற்சக்கரங்களைப் பாருங்கள். சக்தி எங்கிருந்து எங்கே போகிறது என்று கண்ணால் பின்தொடருங்கள். பிறகு கல் இருக்கும் தளம். தானியம் மேலிருந்து இறங்குகிறது, சக்தி கீழிருந்து ஏறுகிறது, இரண்டும் கல்லில் சந்திக்கின்றன. இந்த வரிசையில் பார்த்தால் கட்டடம் முழுவதும் ஒரே இயந்திரம் என்பது புரியும்.

குளிர்காலத்தில் மூடியிருக்கும், நேரங்களும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். போகுமுன் கவுண்டியின் வனப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரவைக் கல் உண்மையில் எப்படி வேலை செய்கிறது?

இரண்டு வட்டக் கற்கள், ஒன்றின் மேல் ஒன்று. அடிக்கல் அசையாது. மேற்கல் மட்டும் சுழலும். நம் வீட்டுத் திரிகைக்கும் இதற்கும் தத்துவம் ஒன்றே. அளவும் வேகமும்தான் வேறு. நான்கடி விட்டமுள்ள கல் ஒரு டன்னுக்கு மேல் எடை இருக்கலாம். நிமிடத்துக்கு நூறு சுற்றைத் தாண்டியும் ஓடும்.

நீர்ச்சக்கரமோ மெதுவானது, நிமிடத்துக்குப் பத்துச் சுற்று அளவில்தான் நகரும். அந்தச் சோம்பல் சுழற்சியைப் பெரிய சக்கரத்திலிருந்து சிறிய சக்கரத்துக்கு மாற்றி மாற்றி வேகமாக்குவதுதான் அடித்தளத்திலுள்ள பற்சக்கரங்களின் வேலை. சில சக்கரங்கள் இரும்பு. அவற்றோடு சேரும் சக்கரத்தில் மரப்பல் செருகியிருக்கும். இது சிக்கனத்துக்காகச் செய்ததன்று. மரமும் இரும்பும் உரசினால் சத்தம் குறைவு, தீப்பொறி பறக்காது. சக்கரம் எங்காவது சிக்கிக்கொண்டால் மரப்பல் முதலில் ஒடிந்து இரும்பைக் காப்பாற்றிவிடும். ஒடிந்த பல்லைத் தட்டி எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகினால் வேலை முடிந்தது. வார்ப்பிரும்புச் சக்கரம் பிளந்தால் ஆலை வாரக்கணக்கில் நின்றுவிடும்.

தானியம் மேலுள்ள கூம்புப் பெட்டியிலிருந்து சாய்வான ஒரு தட்டில் இறங்கும். சுழலும் தண்டு அந்தத் தட்டைத் தட்டிக்கொண்டே இருக்கும். தட்டத் தட்டத் தானியம் கல்லின் நடுக்குழியில் விழும். கல் வேகமெடுத்தால் தட்டும் வேகமாக ஆடும், தானியமும் கூடுதலாக விழும். யாரும் கை வைக்காமலே அளவு சரியாகிக்கொள்ளும் இந்த ஏற்பாடுதான் பழைய ஆலைகளில் உள்ளவற்றிலேயே அழகான பகுதி. பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

இரண்டு கற்களும் ஒன்றையொன்று தொடவே கூடாது. நடுவில் இடைவெளி சற்று அதிகம். விளிம்பை நெருங்க நெருங்க மெல்லிய காகிதத்தின் கனம்தான். நடுவில் உடைந்து, போகப்போகப் பொடியாகி, விளிம்பில் மாவாக வெளியேறும்.

கல்லில் வெட்டியிருக்கும் வரிகள் எதற்கு? எவ்வளவு நாளைக்கு ஒருமுறை கொத்த வேண்டும்?

ஆழமான வரிகள் மூன்று வேலை செய்கின்றன: தானியத்தைக் கத்தரிபோல் வெட்டுகின்றன, மாவை விளிம்புக்குத் தள்ளுகின்றன, காற்றை உள்ளே விட்டுச் சூட்டைத் தணிக்கின்றன. வரிகளுக்கு இடையே உள்ள சமதளம்தான் அரைக்கும் பகுதி. நல்ல கோதுமைக் கல்லில் அந்தச் சமதளத்திலும் நுண்ணிய கீறல்கள் வெட்டியிருப்பார்கள்.

கொத்தும் இடைவெளி நாட்கணக்கில் இல்லை, அரைத்த அளவிலும் தானியத்தின் கடினத்திலும் இருக்கிறது. இடைவிடாமல் ஓடும் ஆலையில் சில வாரங்களுக்கு ஒருமுறை கல்லைத் தூக்க வேண்டியிருக்கும். கல் மழுங்கிவிட்டது என்பதற்கு அடையாளங்கள் தெளிவானவை. மாவு கை பொறுக்காத சூட்டில் வரும். தவிடு அகலச் செதிளாக வராமல் பொடிந்து மாவோடு கலந்துவிடும். பிறகு எந்தச் சலிப்பிலும் பிரியாது. கருகல் வாடை லேசாக எழும்.

கொத்தும் முறை இது. கல்லின் பக்கவாட்டில் இருக்கும் துளைகளில் தூக்கியின் வளைந்த கைகளை மாட்டி, திருகைச் சுற்றி மேற்கல்லை உயர்த்துவார்கள். அந்தரத்திலேயே தலைகீழாகப் புரட்டிப் பக்கத்தில் கிடத்துவார்கள். காவிக்கல் பூசிய நேரான மரச்சட்டத்தைக் கல்லின் முகத்தில் தேய்த்தால் மேடான இடங்களில் சிவப்பு ஒட்டும். அந்த மேடுகளை முதலில் தட்டி மட்டமாக்க வேண்டும். அதன்பின்தான் வரிகளை ஆழப்படுத்துவது. மட்டம் பார்க்காமல் வரி வெட்டத் தொடங்கினால் கற்கள் ஒரு பக்கம் உரசும், அந்தப் பக்கத்திலிருந்து கல்துகள் மாவில் விழும்.

பிரெஞ்சுக் கல் என்று சொல்லப்படுவது பாரிஸுக்குக் கிழக்கே உள்ள குவாரிகளின் கடினமான சிலிக்காக் கல். ஒரே பாறையாக வருவதில்லை. துண்டுகளைப் பொருத்தி, சாந்து வைத்து, சுற்றிலும் இரும்புப் பட்டையைக் காய்ச்சி இறுக்கியிருப்பார்கள். கிராவே மில்லின் நான்கு கற்கள் அப்படிப் பிரான்சிலிருந்து இறக்குமதியானவை.

அரவையில் எவையெல்லாம் கெட்டுப்போகும்?

மிகவும் ஆபத்தானது, பெட்டியில் தானியம் தீர்ந்துவிட்டதைக் கவனிக்காமல் விடுவது. இடையில் தானியம் இல்லையென்றால் கல்லும் கல்லும் உரசித் தீப்பொறி பறக்கும். ஆலைக்குள் மிதக்கும் மாவுத் தூசி வெடிக்கக்கூடியது. அதனால்தான் பெட்டியில் தானியம் குறைந்தவுடன் அடிக்கும்படி மணி ஒன்றைக் கட்டியிருப்பார்கள். 1878 மே 2 அன்று மினியாபொலிஸில் வாஷ்பர்ன் நிறுவனத்தின் பெரிய மாவு ஆலை தூசி வெடித்து இடிந்தபோது 18 பேர் இறந்தார்கள். சிறிய கிராமத்து ஆலைக்கும் அதே விதிதான்.

அடுத்தது ஈரம். நன்றாகக் காயாத சோளத்தைப் போட்டால், அது கல்லின் வரிகளில் பசைபோல் அப்பிக்கொள்ளும். வெளியே மாவு வருவது குறையும், உள்ளே சூடு ஏறும். அப்பியது காய்ந்துவிட்டால் கல்லைத் தூக்கிச் சுரண்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அரைக்கும் சோளத்தில் ஈரம் 14 சதவீதத்துக்குள் இருந்தால் இந்தத் தொல்லை இராது.

கல்லில் அரைத்த சோளமாவு வாங்கினால் எப்படி வைத்திருப்பது?

குளிர்சாதனப் பெட்டியில், காற்றுப் புகாத டப்பாவில். நீண்ட நாள் வைக்க உறைபெட்டி நல்லது. கல்லில் அரைத்த மாவில் முளைக்கருவின் எண்ணெயும் சேர்ந்தே இருப்பதால் வெளியில் வைத்தால் சில வாரங்களில் சிக்கு வாடை வரும். கடைச் சோளமாவில் முளைக்கருவைப் பெரும்பாலும் நீக்கிவிடுகிறார்கள். அது மாதக்கணக்கில் தாங்குவது அதனால்தான்.

கிராவே மில்லின் அணையை ஏன் எடுத்தார்கள்? சக்கரம் இனிச் சுழலுமா?

இந்தக் கேள்வியில் பலருக்கு வருத்தம் இருக்கிறது, நியாயமான வருத்தம். 2023இன் பிற்பகுதியில் சால்ட் கிரீக்கின் குறுக்கே இருந்த அணையை அகற்றும் பணி தொடங்கியது. அணைக்குப் பின்னால் தேங்கிய நீர் மெதுவாகி, வெயிலில் சூடேறி, வண்டல் படிந்து, நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அளவு விழுந்துகொண்டே இருந்தது. மீன்கள் மேலே ஏறவும் வழியில்லை. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் எவ்வளவு செலவழித்தாலும் அந்தத் தேக்கம் இருக்கும்வரை ஓடை தேறாது.

பேச்சில் அடிக்கடி விடுபடும் ஒன்று: அகற்றப்பட்ட அணை கிராவே கட்டியதன்று. வேலையில்லாத இளைஞர்களுக்காக ரூஸ்வெல்ட் அரசு அமைத்த பொதுப்பணிப் படை 1930களில் ஆலையைச் சீரமைத்தபோது புதிதாகக் கட்டியது. அதற்கும் தனி வரலாற்று மதிப்பு உண்டு என்பது உண்மை. ஆனாலும் 1852இன் அணை போய்விட்டது என்று சொல்வது தவறு. ஓடையின் உயிரையும் படையின் அணையையும் எடைபோட்டால், எடுத்த முடிவு சரியானதே.

சக்கரத்தைப் பொறுத்தவரை, ஓடை நீர் இனி அதைத் தானாகத் தள்ளாது. பம்பு வைத்து நீரைச் சுற்றவிடும் ஏற்பாடு அந்தத் திட்டத்திலேயே சேர்க்கப்பட்டது. எந்தப் பழைய ஆலைக்குப் போனாலும் வழிகாட்டியிடம் இதைக் கேளுங்கள்: கல்லைச் சுற்றுவது நீரா, மோட்டாரா? சீரமைக்கப்பட்ட ஆலைகள் பலவற்றில் வெளிச் சக்கரம் ஒரு சக்தியில் சுற்றும், உள்ளே கல் வேறு சக்தியில் ஓடும். நேராகக் கேட்டால் நேராகச் சொல்வார்கள்.

கவுண்டியில் இது முதல் அணை அகற்றமும் இல்லை. சர்ச்சில் வுட்ஸ், வாரன்வில் குரோவ் அணைகள் 2011இலேயே எடுக்கப்பட்டன.

காற்றாலை ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?

எல்ம்ஹர்ஸ்டில் மவுன்ட் எம்ப்ளம் கல்லறைத் தோட்டத்துக்குள் பிஷர் காற்றாலை நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த எண்கோண மரக் கட்டடம், டச்சு பாணி. இந்தச் சமவெளியில் ஆறுகளுக்கு வீழ்ச்சி குறைவு, கோடையில் நீரும் வற்றும். ஜெர்மானியக் குடியேறிகள் காற்றை நாடியது அதனால்தான். இயங்கும் கல்லறை என்பதால் அமைதி காத்து, வெளியிலிருந்து பாருங்கள். ஜெனிவா ஊரின் பேபியன் காற்றாலையோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அது பக்கத்து கேன் கவுண்டியில் உள்ளது.

முதல் ரயில் எப்போது வந்தது?

சிகாகோவின் முதல் ரயில் நிறுவனம் கலீனா அண்ட் சிகாகோ யூனியன். 1836இல் அனுமதி பெற்றது, பணமில்லாமல் பத்தாண்டுக்கு மேல் கிடந்தது. 1848 அக்டோபர் 25இல் பயனீர் என்ற பழைய எஞ்சினை வாங்கி மேற்கு நோக்கி ஓட்டிக்காட்டியது. அந்த எஞ்சினை இன்றும் சிகாகோ வரலாற்று அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். 1849இல் பாதை டுபேஜ் கவுண்டியைக் கடந்தது.

தொடக்கத்தில் முழு இரும்புத் தண்டவாளம் வாங்க வசதியில்லை. நீளமான மரச்சட்டங்களின் மேல் பட்டை இரும்பை ஆணியடித்து ஓட்டினார்கள். அதில் வந்த கேடு பயங்கரமானது. சக்கரங்களின் எடையில் பட்டை வளைய, ஆணி கழன்று, பட்டையின் நுனி மேலே எழும்பும். அடுத்து வரும் பெட்டியின் தரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே பாயும். எழும்பிய அந்த நுனிக்குப் பாம்புத்தலை என்றே பெயர் வைத்திருந்தார்கள். கையில் பணம் சேர்ந்ததும் எல்லா நிறுவனங்களும் முதலில் மாற்றியது இதைத்தான்.

நேப்பர்வில்லுக்கு ரயில் வேண்டாம் என்று சொன்னார்களாமே?

ஆம். 1840களின் இறுதியில் நேப்பர்வில்லின் முக்கியப் புள்ளிகள் பலகை பதித்த சாலையில் பணம் போட்டிருந்தார்கள். ரயில் அதற்குப் போட்டி. பாதைக்கு நிலம் தர அவர்கள் முன்வரவில்லை. வடக்கே வாரன், ஜெசி வீட்டன் சகோதரர்கள் தங்கள் நிலத்தைத் தந்தார்கள். ரயில் அங்கே போனது, ஊருக்கும் அவர்கள் பெயரே வந்தது. பலகைச் சாலையோ சில ஆண்டுகளில் மழையிலும் வெயிலிலும் மக்கியது.

விளைவு ஆழமானது. 1867 வாக்கெடுப்பில் கவுண்டித் தலைநகர் வீட்டனுக்கு மாறியது. ஆவணங்களைத் தர நேப்பர்வில் மறுக்க, வீட்டன்காரர்கள் இரவில் வந்து நீதிமன்றத்திலிருந்து அள்ளிக்கொண்டு போனார்கள். விடுபட்ட சில புத்தகங்களை நேப்பர்வில்காரர்கள் பத்திரமாக இருக்கட்டும் என்று சிகாகோவுக்கு அனுப்பினார்கள். அவை 1871 பெருந்தீயில் எரிந்தன. பழைய நிலப் பத்திரம் தேடுகிறவர்கள் தொடக்ககாலப் பதிவுகளில் இடைவெளி கண்டால் காரணம் இதுதான்.

நேப்பர்வில்லுக்கு ரயில் 1864இல் கிடைத்தது. பர்லிங்டன் நிறுவனம் சிகாகோவிலிருந்து அரோராவுக்கு நேர்ப்பாதை போட்டபோது. இன்று அதே பாதையில்தான் நேப்பர்வில், அரோராவில் வாழும் தமிழர்கள் பலர் சிகாகோ வேலைக்குப் போய் வருகிறார்கள்.

வெஸ்ட் சிகாகோவில் என்ன பார்க்க வேண்டும்?

இதன் பழைய பெயர் டர்னர் ஜங்ஷன். கலீனா நிறுவனத்தின் ஜான் டர்னர் பெயரால் வந்தது. 1850இல் அரோராவிலிருந்து 12 மைல் கிளைப்பாதை இங்கே வந்து சேர்ந்தது. சொந்த எஞ்சின்கூட இல்லாமல், பயனீரை இரவல் வாங்கித் தொடங்கிய அந்தச் சிறிய நிறுவனம்தான் பின்னாளில் சிகாகோ, பர்லிங்டன் அண்ட் குவின்சி என்ற பெரும் ரயில் நிறுவனமாக வளர்ந்தது. 1896இல் ஊர் வெஸ்ட் சிகாகோ ஆனது. நகர அருங்காட்சியகம் 1884இன் டர்னர் ஊர்மன்றக் கட்டடத்தில் உள்ளது. முதலில் அங்கே வரைபடங்களைப் பார்த்துவிட்டு அப்புறம் தண்டவாளப் பக்கம் போங்கள். எங்கே எந்தப் பாதை பிரிகிறது என்று தெரியாமல் நின்றால் வெறும் கம்பிக்கூட்டம்தான் தெரியும்.

பக்கத்து வின்பீல்டில் 1849ஐச் சேர்ந்த ஹெட்ஜஸ் நிலையம் சிறு அருங்காட்சியகமாக இருக்கிறது. லைலில் 1874இன் பர்லிங்டன் நிலையக் கட்டடத்தை இடம்பெயர்த்து நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டையும் வாரத்தில் சில மணி நேரமே திறப்பார்கள்.

வீட்டன் பக்கம் ரயில்கள் ஏன் இடதுபக்கப் பாதையில் ஓடுகின்றன?

அமெரிக்காவில் இரட்டைப் பாதை ரயில்கள் வலதுபக்கம் ஓடுவதே வழக்கம். கலீனா பாதையைப் பின்னர் நடத்திய சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன் மட்டும் இடதுபக்கம் ஓட்டியது. நிலையக் கட்டடங்கள் பெரும்பாலும் வடபக்கம் இருந்தன. காலையில் சிகாகோ போகிறவர்கள்தான் கட்டடத்துக்குள் காத்திருப்பவர்கள். மாலையில் திரும்புகிறவர்கள் இறங்கி நேரே வீட்டுக்குப் போய்விடுவார்கள். இரண்டாம் பாதையைத் தெற்கே போட்டுவிட்டு, சிகாகோ ரயிலைக் கட்டடத்தின் ஓரத்திலேயே விட்டார்கள் என்பதே வழக்கமான விளக்கம். பாதை யூனியன் பசிபிக் கைக்கு வந்த பிறகும் பழக்கம் தொடர்கிறது. பாதையைக் கடக்கும்போது ரயில் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்ற ஊகத்தை நம்பாதீர்கள். சரக்கு ரயில் எந்தப் பாதையிலும் எந்தத் திசையிலும் வரலாம்.

இலினாய் பிரெய்ரி பாதை என்பது பழைய ரயில் பாதையா?

ஆம், சிகாகோ அரோரா அண்ட் எல்ஜின் மின்ரயில் ஓடிய தடம். 1902இல் தொடங்கிய இந்த ரயிலுக்குப் பெரும்பாலான இடங்களில் மேலே கம்பி கிடையாது. தண்டவாளத்தின் பக்கத்தில் தரையோடு ஓடிய மூன்றாவது தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுத்தது. சாலை குறுக்கிடும் இடங்களில் மட்டும் அந்தத் தண்டவாளத்தை விட்டுவிட்டுப் போட்டிருந்தார்கள். ஒரு முனை இடைவெளியில் இருக்கும்போது மறுமுனை தொட்டுக்கொண்டிருக்கும்படி பெட்டியில் பல இடங்களில் தொடுகட்டைகள் வைத்திருந்தார்கள்.

1953 செப்டம்பரில் காங்கிரஸ் விரைவுச்சாலைக் கட்டுமானத்துக்காக நகர மையம் வரை நேராகப் போவதை இழந்தது. பயணிகள் பாரஸ்ட் பார்க்கில் இறங்கி வேறு ரயில் மாற வேண்டியதாயிற்று, கூட்டம் கரைந்தது. 1957 ஜூலை 3 அன்று, நீதிமன்ற அனுமதி கிடைத்த கையோடு, நண்பகலில் பயணிகள் சேவையை நிறுத்தினார்கள். காலையில் அதே ரயிலில் வேலைக்குப் போனவர்கள் மாலையில் திரும்ப வழியில்லாமல் நின்றார்கள். சரக்குப் போக்குவரத்தும் 1959இல் முடிந்தது.

மார்ட்டன் மரத்தோட்டத்தின் இயற்கையாளர் மே தியல்கார்டு வாட்ஸ் 1963இல் சிகாகோ டிரிபியூனுக்கு ஒரு கடிதம் எழுதினார்: புல்டோசர்கள் வருமுன் இந்தத் தடத்தை நடைபாதையாக்குங்கள் என்பது சாரம். நாட்டின் முதல் ரயில்தட நடைபாதைகளில் ஒன்று அப்படி உருவானது. 1971இல் தேசியப் பொழுதுபோக்குப் பாதை என்ற தகுதியும் கிடைத்தது.

அந்தப் பாதையில் ரயிலின் அடையாளங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டனின் வாலன்டியர் பூங்காவில் தொடங்குங்கள். மைல் கணக்கின் பூஜ்யம் அங்கேதான். கிழக்கே ஒரு பாதையாக வரும் தடம் அங்கிருந்துதான் எல்ஜினுக்கும் அரோராவுக்கும் பிரிகிறது. நடக்கும்போது மூன்றைக் கவனியுங்கள். ஆற்றுப் பாலங்களின் இருபுறமும் பழைய காங்கிரீட் தாங்கு சுவர் நிற்கிறதா? தாழ்நிலத்தில் பாதை மட்டும் கரைபோல் உயர்ந்து போகிறதா? வளைவுகள் எவ்வளவு நிதானமாகத் திரும்புகின்றன? காலால் நடக்கப் போட்ட பாதை இப்படித் திரும்பாது. மின்ரயிலின் வேகத்துக்குப் போட்ட வளைவு அது.

வில்லா பார்க்கில் இரண்டு நிலையங்கள் மிஞ்சியுள்ளன: ஆர்ட்மோர் அவென்யூவிலும் வில்லா அவென்யூவிலும். 1929இன் வில்லா அவென்யூ நிலையத்தில் ஊர் வரலாற்றுச் சங்கத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. அருகிலேயே ஓவல்டின் தொழிற்சாலை. நம் வீடுகளில் மூன்று தலைமுறை குடித்த அதே ஓவல்டின்தான். சுவிஸ் நிறுவனமான வாண்டர் 1917இல் இங்கே அமெரிக்க ஆலையைத் திறந்தது, 1988இல் மூடியது. கட்டடம் இப்போது குடியிருப்பு, வெளியிலிருந்து பார்க்கலாம். கவுண்டியின் கோதுமை ஆலைகள் மறைந்து, பால் பண்ணைகள் வந்து, ரயிலோரத்தில் உணவுத் தொழிற்சாலை எழுந்த மாற்றத்துக்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

ஓடும் பெட்டிகளில் ஏறிப் பார்க்க டுபேஜைத் தாண்ட வேண்டும். சவுத் எல்ஜினின் பாக்ஸ் ரிவர் டிராலி அருங்காட்சியகத்தில் 1902இன் 20ஆம் எண் பெட்டி இருக்கிறது; யூனியன் ஊரின் இலினாய் ரயில்வே அருங்காட்சியகத்தில் இன்னும் பல.

1946 நேப்பர்வில் விபத்து எங்கே நடந்தது?

லூமிஸ் தெரு அருகே, பர்லிங்டன் பாதையில், ஏப்ரல் 25 பிற்பகல். சிகாகோவிலிருந்து சில நிமிட இடைவெளியில் ஒரே பாதையில் கிளம்பிய இரண்டு விரைவு ரயில்கள். முன்னால் போன அட்வான்ஸ் பிளையர், அடிப்பகுதியிலிருந்து ஏதோ பறந்ததைப் பணியாளர் கண்டதால், சோதிக்க நேப்பர்வில்லில் நின்றது. பின்னால் வந்த எக்ஸ்போசிஷன் பிளையர் எச்சரிக்கை விளக்கைத் தாண்டியபின் போதிய அளவு வேகம் குறையவில்லை. மோதலில் 45 பேர் இறந்தார்கள். கனமான பெட்டிகளுக்கு இடையே இருந்த எடைகுறைந்த உணவுப் பெட்டி நசுங்கி வளைந்தது. எடை வேறுபட்ட பெட்டிகளைக் கலந்து கோப்பதன் ஆபத்தை அது காட்டியது.

அமெரிக்காவில் பல பாதைகளில் இன்றும் பயணிகள் ரயிலின் உச்ச வேகம் மணிக்கு 79 மைல் என்றிருப்பதன் வேர் இங்கே இருக்கிறது. மணிக்கு 80 மைலோ அதற்கு மேலோ ஓட்ட வேண்டுமானால் தானாக நிறுத்தும் கருவியோ எஞ்சினுக்குள் சைகையோ வேண்டும் என்று இந்த விபத்துக்குப் பின் மத்திய வணிக ஆணையம் விதித்தது. செலவு செய்ய விரும்பாத நிறுவனங்கள் ஒரு மைல் குறைத்துக்கொண்டன. விபத்தின்போது மருத்துவ உதவிக்குப் பயன்பட்ட குரோலர் மரச்சாமான் தொழிற்சாலைக் கட்டடம் இன்றும் பாதையோரத்தில் நிற்கிறது.

நிலத்தடி ரயில்பாதை என்கிறார்களே, சுரங்கமா?

சுரங்கமும் இல்லை, ரயிலும் இல்லை. அடிமைத்தளையிலிருந்து தப்பியவர்களைக் கனடா வரை மறைத்துக் கடத்திய மனிதர்களின் வலைக்கு வழங்கிய பெயர். கிராவே மில்லின் அடித்தளத்தில் அவர்களுக்கு ஒளிவிடம் தந்தார்கள் என்பது தலைமுறைகளாகச் சொல்லப்படும் செய்தி. அங்கே காட்சிக்கூடமும் உண்டு. லாம்பார்டின் ஷெல்டன் பெக் வீடும், வீட்டன் கல்லூரியின் பிளான்சர்டு கட்டடமும் இதே வரலாற்றோடு சேர்ந்தவை. இரகசியமாக நடந்ததற்கு எழுத்துச் சான்று குறைவாகவே இருக்கும். வாய்மொழி எது, கடிதம் எது என்று பிரித்துக் கேட்பது அந்த மனிதர்களுக்குச் செய்யும் மரியாதை.

மறைந்துபோன ஓர் ஆலையின் இடத்தைத் தேட என்ன வழி?

முதலில் 1874இன் கவுண்டி நில வரைபடத் தொகுப்பு, ஆலைகள் குறிக்கப்பட்டிருக்கும். அடுத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தொழில் பட்டியல்கள்: 1850, 1860, 1870, 1880. ஆண்டுக்கு 500 டாலருக்கு மேல் உற்பத்தி செய்த ஆலைகளுக்கு முதலீடு, சக்தி, ஆட்கள், அரைத்த அளவு எல்லாம் பதிவாகியிருக்கும். 1880இல் மாவு ஆலைகளுக்குத் தனிப் படிவமே உண்டு. எந்த ஓடை, எத்தனை அடி வீழ்ச்சி, என்ன சக்கரம் என்றுகூட எழுதியிருப்பார்கள். ஒரே ஆலை உரிமையாளர் மாறும்போதெல்லாம் பெயர் மாறும் என்பதால் பெயரை வைத்துத் தேடினால் தவறவிடுவீர்கள். நில அளவையில் அந்த நிலத்துக்குள்ள பிரிவு எண்ணை வைத்துத் தேடுங்கள்.

களத்தில், இலை உதிர்ந்தபின் போங்கள். ஆற்றுக்கு இணையாக ஓடும் நீண்ட பள்ளம் பழைய வாய்க்காலாக இருக்கலாம்.

தேசியப் பதிவேட்டில் இருந்தால் இடிக்க முடியாதா?

முடியும். தனியார் தம் சொந்தப் பணத்தில் இடிப்பதைப் பதிவேடு தடுக்காது. மத்திய அரசின் பணமோ அனுமதியோ சம்பந்தப்பட்டால் மட்டும் ஆய்வு கட்டாயம். வருமானம் தரும் கட்டடத்தைச் சீரமைத்தால் செலவில் 20 சதவீத வரிச்சலுகை உண்டு. இடிப்பைத் தடுக்கும் அதிகாரம் ஊராட்சியின் உள்ளூர்ச் சட்டத்துக்கே இருக்கிறது. ஒரு கட்டடத்தைக் காக்க நினைப்பவர்கள் வாஷிங்டனுக்கு எழுதுமுன் ஊர்மன்றக் கூட்டத்துக்குப் போக வேண்டும்.

தோட்டத்தில் பழைய அரவைக் கல் கிடைத்தால் என்ன செய்வது?

நகர்த்தாதீர்கள். கிடக்கும் நிலையிலேயே படமெடுத்து, விட்டம், கனம், நடுக்குழியின் அகலம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். நடுக்குழியில் இரும்புச் சட்டம் பொருத்த வெட்டிய பள்ளம் இருந்தால் அது மேற்கல். துண்டுகளாகப் பொருத்தி இரும்புப் பட்டை கட்டியிருந்தால் பிரெஞ்சுக் கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். பட்டையைக் கழற்றினால் கல் உதிர்ந்துவிடும். கம்பித் தூரிகை, அமிலம், உயர் அழுத்த நீர் எதுவும் வேண்டாம், வரிகளின் விளிம்பு போய்விடும். பிறகு உங்கள் ஊர் வரலாற்றுச் சங்கத்துக்குச் சொல்லுங்கள். வனப் பாதுகாப்பு நிலத்திலோ ஆற்றுப் படுகையிலோ கண்டால் எடுக்கவே கூடாது. இடத்தைக் குறித்துக்கொண்டு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.